ஒரு சொல்லும் எழுநூறு குடும்பங்களும்

இங்கிலாந்து தேசத்தில் நார்தாம்ப்டன்ஷயர் ஜில்லாவில் சரக்கு லாரிகள் நடத்திவந்த கே.என்.பி. என்னும் கம்பெனி 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் கதவடைத்தது. அதன் மூல ஸ்தாபனம் 1865-ல் ஏற்பட்டது. இரண்டு மகாயுத்தங்களையும் கண்டு பிழைத்து நின்றது. மூடப்படும் காலத்தில் சுமார் 500 லாரிகள் அதற்கு ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் கம்பெனியைச் சாய்த்த காரியம் ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லில் தொடங்கிற்று. அதைத் திருடர்கள் ஊகித்துக் கண்டுகொண்டார்கள் என்றே கம்பெனியார் கருதுகிறார்கள். உள்ளே புகுந்தவர்கள் கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் மீட்புப் பணம் தருக என்று கடிதம் வைத்துப் போனார்கள். அவ்வளவு பணம் கம்பெனியிடம் இல்லை. ஏறக்குறைய 700 பேர் வேலை இழந்தார்கள்.

அந்த ஊழியரிடம் இந்த உண்மையைத் தாம் இதுவரை சொல்லவில்லை என்று கம்பெனியின் டைரக்டர் 2025-ல் பி.பி.சி.க்குத் தெரிவித்தார். சொல்லாமல் விட்டதை நாம் குறைகூற மாட்டோம். இச்செய்தியைப் படித்தவர்களில் அநேகருக்கு முதலில் தோன்றியது அந்த ஊழியர்மீது கோபம் என்பதை அறிவோம். நமக்குத் தோன்றிய கேள்வி வேறு. ஒரு மனிதனுடைய ஞாபகத்தில் கிடக்கும் ஒற்றைச் சொல்லின்மேல் எழுநூறு குடும்பங்களின் பிழைப்பை ஏற்றிவைத்தவர்கள் யார்? அந்தச் சொல் போனாலும் கதவு திறவாதபடி இரண்டாவது தாழ் ஒன்று ஏன் இடப்படவில்லை?

இஃது எங்கோ சீமையில் நடந்த சங்கதி என்று நமது நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று நம் நாட்டில் பாங்கிப் பணம், ரேஷன் அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சை முடிவு, கட்சிக் காரியாலயத்தின் கடிதப் போக்குவரத்து யாவும் ஒரு சொல்லுக்கோ ஆறு இலக்கத்துக்கோ பின்னால் இருக்கின்றன. அந்தச் சொல் களவுபோய்ப் பணமும் போய்விட்டால், உடனே நமக்குக் கிடைக்கும் உபதேசம், “நீர் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்” என்பதே. ஜாக்கிரதை வேண்டியதுதான். ஆனால் அறுபது வருஷ சரித்திரத்தைப் பார்த்தால், ஜாக்கிரதையின்மையில் ஜனங்களை மிஞ்சியவர்கள் பெரிய ஸ்தாபனங்களே என்பது விளங்கும்.

அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் 1961-ல், ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்வதற்காகக் கொர்பாட்டோ என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவரவர் வேலை அவரவருக்கு என்று பிரித்துவைக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கணிப்பொறியில் கடவுச்சொல் பிறந்த வீடு என்று அதைச் சொல்லலாம். மறு வருஷமே, தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதவில்லை என்று கண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர், எல்லோருடைய சொற்களும் எழுதியிருந்த பட்டியலை அச்சிட்டுத் தருமாறு அந்த இயந்திரத்துக்கே விண்ணப்பம் போட்டார். இயந்திரமும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! அந்த மாணவர் எந்தச் சொல்லையும் ஊகிக்கவில்லை. சொற்களின் சொந்தக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பட்டியலை வைத்திருந்தவர்கள் அதைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவே.

நாற்பத்தேழு வருஷம் கழித்தும் பாடம் ஏறவில்லை. 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. அவை சிதைத்து மறைக்கப்படாமல், கடைக்காரர் பற்றுவரவு எழுதுவதுபோல் வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்டிருந்தன. அப்பட்டியலைப் புரட்டியவர்கள் ஏறக்குறைய 2,90,000 பேர் “123456” என்ற இலக்கத்தையே காவலாக வைத்திருந்ததைக் கண்டு நகைத்தார்கள். நகைப்புக்கு இடம் உண்டு. ஆனால் மிகச் சிரமப்பட்டுக் கடினமான சொல்லை வைத்தவரும் அன்று அதே மூட்டையில்தானே போனார்? லிங்க்டின் கம்பெனியில் 2012-ல் நடந்த களவு முதலில் 65 லட்சம் என்று சொல்லப்பட்டது. நாலு வருஷத்துக்குப் பின் அது 11 கோடியே 70 லட்சம் என்று தெரிந்தது. யாஹூவில் 2013-ல் நடந்தது, அங்கிருந்த 300 கோடிக் கணக்குகளையும் தொட்டது என்பது 2017-ல்தான் வெளிவந்தது. தன் வீட்டில் நடந்த களவின் முழு அளவை நாலு வருஷம் அறியாதவர்கள் நமக்கு ஜாக்கிரதையைப் போதிக்கிறார்கள்.

போதனை செய்ததிலாவது சரியாகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, விசித்திரக் குறி ஒன்று, தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை மாற்றம் என்று நம்மை வதைத்துவரும் விதிகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க சர்க்காரின் அளவை நிலையத்தைச் சேர்ந்த பில் பர் என்ற உத்தியோகஸ்தர் 2003-ல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்தே அவை உலகெங்கும் பரவின. ஜனங்கள் உண்மையில் எப்படிப்பட்ட சொற்களை வைக்கிறார்கள் என்று பார்க்க அவர் விரும்பினார், பட்டியல் கிடைக்கவில்லை. 1980-களில் எழுதப்பட்ட பழைய கட்டுரை ஒன்றைப் பெரும்பாலும் ஆதாரமாகக் கொண்டு விதி வகுத்துவிட்டார். ஓய்வு பெற்றபின் 2017-ல், தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். உத்தியோகஸ்தர்களில் இப்படி ஒப்புக்கொள்பவர் அபூர்வம். அந்த அளவில் அவரைப் பாராட்டுகிறோம்.

விதியின் குற்றம் என்னவென்றால், மனித சுபாவத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. மாற்று என்றால் கடைசி இலக்கத்தில் 1 இருந்த இடத்தில் 2 போடுவான் மனிதன். விசித்திரக் குறி வேண்டுமென்றால் ஆங்கில ‘ஏ’ எழுத்துக்குப் பதில் ‘@’ குறியைப் போடுவான். பிள்ளையின் பெயரும் 123-ம் சேர்ந்தால் ஒரு சொல், இஷ்ட தெய்வத்தின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தால் இன்னொரு சொல். இந்தத் தந்திரங்களெல்லாம் திருடர்களுக்கு மனப்பாடம். அதே அளவை நிலையம் 2017-ல் தன் விதியைத் திருத்தியது. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட நான்காம் திருத்தத்தில், எழுத்துக் கலப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது, களவுபோனதற்கு அடையாளம் இருந்தாலொழிய மாற்றச் சொல்லக் கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிட்டது. கடவுச்சொல் ஒன்றே காவலாக இருக்கும் இடத்தில் அது குறைந்தது பதினைந்து எழுத்து நீளம் இருக்க வேண்டும் என்பது அதன் புதிய விதி. நம் நாட்டிலோ, பழைய விதியைக் கட்டிக்கொண்டு அழும் காரியாலயங்கள் இன்னும் எத்தனையோ. குரு கைவிட்ட மந்திரத்தைச் சீடன் விடாது ஜபிக்கிறான்.

நீளம் ஏன் பெரிதென்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆங்கிலச் சிற்றெழுத்து 26-ஐயும் கொண்டு, மனம்போனபடி எட்டெழுத்துக் கோத்தால் உண்டாகக்கூடிய சொற்கள் 20,882 கோடி. கேட்க மலைப்பாயிருக்கிறது. ஆனால் கம்பெனியார் பட்டியலைப் பழைய, பலவீனமான முறையில் சிதைத்துவைத்திருந்தால், திருடன் கையிலுள்ள நல்ல இயந்திரம் ஒன்று விநாடிக்குப் பத்தாயிரம் கோடி முயற்சி செய்யவல்லது. இரண்டு விநாடியில் வேலை தீர்ந்தது. எழுத்து பன்னிரண்டானால் அதே இயந்திரத்துக்குப் பதினொரு நாள் பிடிக்கும். பதினாறானால் 13,000 வருஷத்துக்கு மேலாகும். நாலெழுத்துக் கூடியதன் பலன் இவ்வளவு!

பதினாறு எழுத்தைத் தாறுமாறாகக் கோத்து யாரால் நினைவு வைத்திருக்க முடியும் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. 1995-ல் அமெரிக்கர் ஒருவர் வகுத்த முறைப்படி, பகடையை ஐந்து தடவை உருட்டி, 7,776 சாதாரணச் சொற்கள் கொண்ட ஜாபிதாவிலிருந்து ஒரு சொல்லைப் பொறுக்க வேண்டும். இப்படி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்களைச் சேர்த்தால், மேற்படி இயந்திரத்துக்கு எழுபதாயிரம் வருஷம் வேலை. தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பழமொழியையோ, எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதலடியையோ ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரத் திருடனுக்கு இது எப்படித் தெரியும் என்று நம்பியிருப்பவர்கள் பலர். திருடனுக்கு ஜாதியுமில்லை, பாஷையுமில்லை. பிரசித்தமானது எதுவும் இரகசியமாகாது.

நீளத்தைவிடப் பெரிய விஷயம், ஒரே சொல்லைப் பல இடத்தில் வைப்பது. வீட்டுக்கும் கடைக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி செய்துகொள்வார் உண்டா? கணக்குகளில் மட்டும் அப்படியே செய்கிறோம். ட்வென்டிதிரீ அண்ட் மி என்ற அமெரிக்கக் கம்பெனி, எச்சிலைச் சோதித்து வம்சாவளி சொல்லும் வியாபாரம் நடத்திவந்தது. வேறு இடங்களில் களவுபோன சொற்களை 2023-ல் திருடர்கள் அங்கே போட்டுப் பார்த்தார்கள். சுமார் 14,000 கணக்குகள் திறந்துகொண்டன. அந்தக் கணக்குகளோடு உறவுமுறை காட்டி இணைக்கப்பட்டிருந்த 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. வழக்குத் தொடுத்தவர்களுக்குக் கம்பெனி எழுதிய பதிலில், பழைய சொல்லையே திரும்ப வைத்த ஜனங்கள்மீதே குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. 14,000 பேர் அசட்டை செய்தது வாஸ்தவம். மிச்சம் 68 லட்சத்துச் சொச்சம் பேர் செய்த குற்றம் என்ன? இரண்டாவது தாழைக் கட்டாயமாக்காமல் விட்டது அவர்களா? 2025 ஜூனில் பிரிட்டிஷ் தகவல் கமிஷனர் அக்கம்பெனிக்கு 23 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் விதித்தார்.

தேசத்தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கட்சி வேலை செய்பவனுடைய கடவுச்சொல் அவனுடையது மட்டுமன்று. அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஹிலாரி கிளிண்டனுடைய பிரசாரத் தலைவராயிருந்த ஜான் பொடெஸ்டாவுக்கு 2016 மார்ச் 19-ல் ஒரு மின்னஞ்சல் வந்தது. உம்முடைய கடவுச்சொல் பிறர் கைக்குப் போய்விட்டது, உடனே மாற்றும் என்று கூகுளே எழுதியதுபோல் இருந்தது அது. காரியாலயத்தார் கணிப்பொறி உதவியாளரைக் கேட்டார்கள். அவர், கடிதம் போலியானது என்று எழுதக் கருதி, விரல் தவறி, மெய்யானது என்று எழுதிவிட்டதாகப் பின்னர் சொன்னார். கூகுளின் சரியான முகவரியையும் குறித்து, இரண்டாம் தாழையும் போடும்படி அவர் சொல்லியிருந்தார். ஆனால் அவசரத்தில் போலிக் கடிதத்திலிருந்த முகவரியே திறக்கப்பட்டது. அக்டோபர் மாதம் தொடங்கி ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான கடிதங்கள் உலகத்தின் கண்முன் விரிந்தன. அவருடைய கடவுச்சொல் எவ்வளவு நீளமாயிருந்திருந்தாலும் பயனில்லை. சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்தாயிற்று.

நம் நாட்டிலும் பிரதம மந்திரியின் ட்விட்டர் கணக்குகளில் ஒன்று 2020 செப்டம்பர் 3-ல் அந்நியர் கைக்குப் போயிற்று. மற்றொன்று 2021 டிசம்பர் 12-ல் சிறிது நேரம் போயிற்று. பிட்காயினை இந்தியா சட்டபூர்வமான நாணயமாக ஏற்றுவிட்டது என்று அதில் ஒரு பொய் அறிவிப்பும் வெளிவந்தது. பிரதமருக்கே இந்தக் கதி என்றால், பத்துப் பேர் ஒரே சொல்லை வாய்மொழியாகப் பகிர்ந்துகொண்டு நடத்தும் வட்டக் கமிட்டிக் கணக்கின் கதியை என்னென்பது? விலகிப்போன தொண்டருக்கும் அந்தச் சொல் தெரியும். எதிர்க்கட்சியில் சேர்ந்தவருக்கும் தெரியும். பிரான்ஸில் டிவி5மாண்ட் என்ற ஒளிபரப்பு நிலையம் 2015 ஏப்ரலில் தாக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேட்டி அளித்தவருக்குப் பின்னால், சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களில் அந்நிலையத்தின் கடவுச்சொற்கள் நாடெங்கும் தெரிந்தன. நாம் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நமது காரியாலயத்துச் சுவரிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. அன்றே கிழித்தோம்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில் காக்கவேண்டியது மின்னஞ்சல் கணக்கு. மற்றக் கணக்குகளின் சொல் மறந்துபோனால் புதுச் சொல் அங்கேதான் வந்து சேர்கிறது. அதற்கென்று வேறெங்கும் வழங்காத நீண்ட சொற்றொடர் ஒன்று இருக்கட்டும். மற்றவற்றுக்கு, கணக்குக்கு ஒன்றாகச் சொல் உண்டாக்கிப் பூட்டிவைக்கும் கடவுச்சொல் பெட்டகங்கள் இப்போது கிடைக்கின்றன. அதில் பழக்கமில்லாதவர் வீட்டுப் பீரோவில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தாலும் பாதகமில்லை. ருஷ்யாவிலிருக்கும் திருடன் நம் பீரோவைத் திறக்க வருவதில்லை. சுவரில் ஒட்டுவது வேறு, பீரோவில் வைப்பது வேறு. இரண்டாவது தாழை எங்கெல்லாம் போட இடமுண்டோ அங்கெல்லாம் போட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கத் தாழ் இருக்கிறது. டெலிபோனுக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணை, பாங்கியார் என்றும் போலீஸார் என்றும் கோர்ட்டார் என்றும் சொல்லிக் கேட்பவன் எவனாயினும் அவன் திருடனே. பாஸ்கீ என்ற புது முறை 2022 முதல் பெரிய கம்பெனிகளால் பரப்பப்பட்டு வருகிறது. அதில் சொல்லே கிடையாது. நம் கைப்பேசியே சாவி, போலி முகவரியில் அது திறவாது. பொடெஸ்டாவுக்கு நேர்ந்தது அதில் நேர வழியில்லை.

இன்னொரு சிறு விஷயம். பழைய டெலிபோன் எண்ணைக் கைவிடுகிறவர்கள், அந்த எண்ணோடு பிணைத்த கணக்குகளை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். நிறுத்தப்பட்ட எண்ணைத் தொண்ணூறு நாள் வரை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்று டெலிபோன் ஒழுங்கு ஸ்தாபனம் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. தொண்ணூற்றொன்றாம் நாள் அந்த எண் யார் கையிலும் இருக்கலாம்.

இவ்வளவும் பிரஜையின் கடமை. மறுபக்கத்தின் கடமை என்ன? ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில், பாங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை என்று விதித்தது. மூன்றாவது ஆளின் களவானால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டமில்லை. ஆனால் வாடிக்கைக்காரர் அசட்டையால் இரகசிய எண்ணை வெளியிட்டிருந்தால், அவர் தகவல் கொடுக்கும் வரையில் போனது முழுவதும் அவர் தலைமேல். பொறுப்பை நிரூபிக்கும் பாரம் பாங்கியைச் சேர்ந்தது என்றும் அதில் எழுதியிருந்தது. சட்டம் தராசைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனால் எண் வெளியே போனது அசட்டையாலா, தேர்ந்த வஞ்சகத்தாலா என்று கிராமத்துப் பென்ஷன்காரர் எவ்விதம் வாதாடுவார்? 2025 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி வேறொரு கட்டளை பிறப்பித்தது. பணம் செலுத்துவதில் இரண்டு விதச் சோதனை வேண்டும், அக்கட்டளையைப் பின்பற்றாமல் நடந்த பட்டுவாடாவால் நஷ்டம் வந்தால் பாங்கி முழுத்தொகையையும் தகராறின்றி ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2026 ஏப்ரல் 1 அமல் தேதியாகக் குறிக்கப்பட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை அவ்வாறு வரவேற்க இயலவில்லை. தகவலைக் காக்கத் தவறிய ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அது முழங்குகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாதத் தவணை, அதாவது 2027 மே வரை, கொடுத்திருக்கிறார்கள். அது போகட்டும். வசூலாகும் அபராதம் எங்கே போகிறது? இந்திய சர்க்காரின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் களவுபோய் அதனால் பணமும் இழந்தவனுக்கு அதிலிருந்து ஒரு காசும் கிடைக்க அச்சட்டத்தில் வழியில்லை. அதோடு, இத்தகைய கம்பெனிகளிடம் நஷ்டஈடு கேட்பதற்கு 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையும் இந்தப் புதுச் சட்டம் நீக்கிவிடுகிறது.

பறிகொடுத்தவன் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். சீக்கிரம் செய்தால் பணத்தைப் பாதிவழியில் நிறுத்தவும் கூடும். அவன் சொல்லைத் திருடியவனுக்கு 66-சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு, பிடிபட்டால். ஆனால் அந்தச் சொற்களைக் குவியலாகச் சேர்த்துவைத்துப் பூட்டாமல் விட்ட கம்பெனியிடமிருந்து அவனுக்குக் கிடைக்கவேண்டிய ஈடு சட்டப் புத்தகத்திலிருந்தே அகற்றப்படுகிறது. தவணை முடியுமுன் பார்லிமெண்டில் நம் தமிழ்நாட்டு அங்கத்தினர்களில் ஒருவராவது எழுந்து, 43-ஏ பிரிவை எடுத்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று மந்திரியைக் கேட்க வேண்டும்.